தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி

ஜனவரி 9

தம்பிக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் உன் மனைவி எடுத்து, "அவர் குளிக்கிறார் அண்ணி" என்றாள். பக்கத்தில் நின்று நீ சொல்லிக்கொடுத்தது எனக்கும் கேட்டது. நன்றாகக் குளி. போனில் பேசினால் நமக்குள் அடிதடியில்தான் போய் முடியும் என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார்.

நீ காது கொடுத்துக் கேட்காத விஷயத்தை இப்போது நிதானமாகச் சொல்கிறேன். நீ இன்று ஓட்டும் போர் விமானத்தில் உன் தலையைச் சுற்றி முழுக்கக் கண்ணாடிக் கூடு. தோளுக்கு மேலே திரும்பினால் வால்வரை தெரியும். நாங்கள் வரைந்துகொண்டிருக்கும் புதிய விமானத்தில் அந்தப் பின்பக்கக் கண்ணாடியை எடுத்துவிட்டு, முதுகை மூடி, வாலில் கேமரா வைக்கலாம் என்பது என் கட்சி. காற்று இழுப்பது குறையும். எதிரியின் ரேடாரில் விமானம் சின்னதாகத் தெரியும். மிச்சமாகும் எடைக்கு எரிபொருள் நிரப்பலாம். அந்த எரிபொருளில்தான் நீ வீடு வந்து சேர வேண்டும்.

"அப்போ பின்னாடி வர்றவனை யாரு பாக்குறது, உன் கேமராவா?" என்று கத்தினாய். ஆமாம், கேமராதான். ஒருவன் வாலை ஒருவன் பிடிக்கச் சுற்றிச் சுற்றி வருகிற உங்கள் டாக்ஃபைட் எல்லாம் பழைய சங்கதி. இன்றைக்கு ஏவுகணை அடிவானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. யார் முதலில் கண்டுபிடிக்கிறானோ அவன் பிழைத்தான். மற்றவன் எதிரியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

எங்கள் தலைவரை உனக்குத் தெரியும், எதைச் சொன்னாலும் "எண் எங்கே?" என்பார், அதனால் ஆபீஸில் அவருக்குக் கணக்கர் என்று பெயர். இரண்டு கட்சியையும் கேட்டுவிட்டு, "விமானிங்க உண்மையில எவ்வளவு தூரம் திரும்பிப் பாக்குறாங்கன்னு அளந்துட்டு வாங்க" என்றார். மரத்தில் காக்பிட் ஒன்று செய்து வைத்திருக்கிறோம். உட்கார அனுபவமுள்ள ஆள் வேண்டும். நான் உன்னைச் சொன்னேன். "தம்பியா? உங்களுக்கு எதிர்க்கட்சியாச்சே, அப்போ யாரும் குறை சொல்ல முடியாது" என்று ஒப்புக்கொண்டார்.

வந்து உட்கார்ந்து நிரூபித்துவிட்டுப் போ. கோபத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அக்கா

*

ஜனவரி 17

பேராசிரியர் அக்காவுக்கு,

ஆமாம், நான் குளிக்கவில்லை.

உன் கடிதத்தை நெட்டைக்கும் பொடியனுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் என்னோடு பறக்கிறவர்கள். நான் முன்னால் போனால் என் இடது பக்கம் நெட்டை, வலது பக்கம் பொடியன். பொடியன் கேட்கிறான், "உங்க அக்கா கார்ல கண்ணாடியே இருக்காதா சார்?"

உன் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம்முடையது ரேடாரில் தெரியாத விமானம், சரி. எதிரி மட்டும் என்ன தண்டோரா போட்டுக்கொண்டா வருவான்? அவனும் தெரியாத விமானத்தில்தான் வருவான். இருட்டு அறையில் இரண்டு பேர் கண்ணாமூச்சி ஆடினால் என்ன ஆகும்? மூக்கோடு மூக்கு இடித்துக்கொள்வார்கள். நீங்கள் விமானத்தை ஒளிக்க ஒளிக்க, எங்கள் சண்டை கிட்டே கிட்டே வருகிறது. இதை உங்கள் கணக்கரிடம் சொல்.

இன்னொன்று. தூரத்துப் புள்ளியைச் சுட எனக்குச் சட்டென்று அனுமதி கிடைக்காது. அது பயணிகள் விமானமாக இருந்தால்? "போய்ப் பாத்துட்டு வா" என்பார்கள். போய்ப் பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது. அப்புறம் ஏவுகணை என்ன அட்சய பாத்திரமா? தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு எதிரி 'சரி, நாளைக்கு வா' என்று விட்டுவிடுவானா?

போன வருஷம் ஒரு பயிற்சியில் என் கருவிகள் எல்லாம் சாதுவாக உட்கார்ந்திருந்தன. சும்மா திரும்பிப் பார்த்தேன். சூரியனுக்குள்ளிருந்து ஒருத்தன் இறங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது இந்தக் கழுத்துதான்.

வருகிறேன். அந்த இரண்டு வானரங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். தோற்ற பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

தம்பி

*

பிப்ரவரி 12

தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வாய் சாப்பிடாமல் போனது எனக்கு வருத்தம்தான். என் வீட்டு வாசலில் அந்தச் சின்ன வண்டியைப் பின்னால் எடுக்க என்னை இறக்கிவிட்டு "வா, வா, நிறுத்து" சொல்ல வைத்தாயே, பக்கத்து வீட்டம்மா சிரிக்கிறாள்: "விமானம் ஓட்டுற தம்பியா இவரு?"

அறிக்கை தயார். நீ நேரில் பார்த்ததுதான். இடது தோளுக்குப் பின்னால் சுவரில், முன்னிருந்து பின்னுக்கு வரிசையாக எண் ஒட்டியிருந்தோம். வலது பக்கம் வேறொரு விமானத்தின் மர மாதிரி நிற்பதால் எண் ஒட்ட இடமில்லை. கழுத்து இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டோம். நீ ஹெல்மெட்டோடு, பட்டை எல்லாம் இறுக்கிக்கொண்டு முதலில் உட்கார்ந்தாய். திரும்பிப் பார்த்துக் கடைசியாகத் தெரிந்த எண் பதினான்கு என்றாய். நெட்டையும் பதினான்கு. பொடியனும் பதினான்கு.

எங்கள் விமான வரைபடத்தில் பின்பக்கக் கண்ணாடி தொடங்குவதே பதினைந்திலிருந்துதான். அதாவது, யாரும் பார்க்காத இடத்துக்குக் கண்ணாடி. கணக்கர் தாளைப் பார்த்துவிட்டு, "அனுபவசாலியே இதுக்கு மேல திரும்பலைன்னா, அப்புறம் யாருக்கு இந்தக் கண்ணாடி?" என்றார். மார்ச் 24 கூட்டத்தில் முடிவாகும். அதற்குமுன் அளவெடுத்தவள் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜெயித்தால் உன்னைக் கிண்டல் செய்ய நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் எழுத வரவில்லை. உன் முகம் அன்றைக்குச் சரியாக இல்லை.

அக்கா

*

பிப்ரவரி 18

அக்கா,

ஹெல்மெட் பொருந்தவில்லை. இருக்கை சாய்வு தப்பு. அந்த எண்களை ஒட்டியவன் கோணலாக ஒட்டியிருக்கிறான். மரப்பெட்டியில் உட்கார்ந்து திரும்புவதும் ஆகாயத்தில் திரும்புவதும் ஒன்றா?

வாழ்த்துகள். உன் கேமராவுக்கு மாலை போடு.

வேலை இருக்கிறது.

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

ஹெல்மெட் உன்னுடையது. நீ கையோடு கொண்டுவந்தது. இருக்கை, நீ இப்போது ஓட்டும் விமானத்தின் சாய்வுதான். எண்களை ஒட்டியது நான். அளவுகோல் வைத்து ஒட்டினேன்.

ஆனால் நீ எரிச்சலில் எழுதிய பிறகு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நெட்டை வாசலில் குனிந்துதான் வருகிறான். பொடியன் இருக்கையில் மெத்தை போட்டுக்கொண்டான். உனக்கு வயது அவர்களைவிடக் கூட. மூன்று உடம்பு, மூன்று கழுத்து, ஒரே எண். நான் இத்தனை வருஷம் அளந்த எதிலும் மூன்று மனிதர்கள் இப்படி ஒத்துப்போனதில்லை. சட்டை அளவே ஒத்துப்போகாது. ஒத்துப்போனதும் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள், ஜெயித்த மயக்கத்தில் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

அப்புறம் வண்டி நினைவுக்கு வந்தது. நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இடது பக்கமிருந்து கூப்பிட்டபோது உடம்போடு சேர்ந்து திரும்பினாய், கழுத்தில் சுளுக்குப் பிடித்தவன் மாதிரி.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் கழுத்துக்கு என்ன?

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

கழுத்துதான். போதுமா?

மழைக்கு முன்னால் ஒரு கிட்டச் சண்டைப் பயிற்சி. விமானத்தை வளைத்துத் திருப்பும்போது உடம்பு எட்டு மடங்கு கனக்கும், உனக்குத் தெரியாததில்லை. அந்தக் கனத்தில், ஹெல்மெட்டும் தலையுமாக இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். உள்ளே ஏதோ சடக்கென்றது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் பாதிதான் திரும்புகிறது. சில நாள் விரல் நுனி மரத்துப்போகும். மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன். என் வீட்டுக்காரியிடம் தலையணை சரியில்லை என்று சொன்னேன். பாவம், மாற்றி மாற்றித் தலையணை வாங்கிக்கொண்டிருக்கிறாள். வீடே மெத்தைக் கடை மாதிரி ஆகிவிட்டது.

டாக்டரிடம் போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். தரையில் உட்கார வைத்துவிடுவார். நான் தரையில் என்ன செய்வேன் அக்கா? எனக்கு வேறு எதுவும் வராது. நீ படித்தாய், நான் இதை மட்டும்தான் செய்தேன்.

உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். கண்ணாடி வேண்டாம். போய்த் தொலையட்டும். நான் சொன்னதெல்லாம் தப்பு, கிட்டச் சண்டை செத்துப்போச்சு, கேமராவே வை. நீதானே ஜெயித்திருக்கிறாய்? கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இரு.

தம்பி

*

மார்ச் 8

தம்பிக்கு,

படித்ததும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை அதற்கப்புறம். கண்ணாடிக்காக என்னோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவன், அதைத் தூக்கி எறிகிறாயே! நீ தோற்றதைப் பார்க்க எனக்கு ஆசைதான், இப்படி இல்லை.

ஒரு உண்மை சொல்கிறேன். நீ முதல் தடவை தனியாகப் பறந்த நாளிலிருந்து, உன்னைத் தரையில் பார்க்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன். ராத்திரி தொலைக்காட்சியில் விமானம் என்ற சொல் வந்தாலே எழுந்துபோய் அணைத்துவிடுவேன். அதனால் நானே போய் உன் கழுத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தால், அது நியாயத்துக்காகவா, என் பயத்துக்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை. எழுதமாட்டேன். உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டேன், அந்தத் தாளில் கையெழுத்துப் போடவும் மாட்டேன். கணக்கர் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. திட்டு வாங்கிக்கொள்கிறேன். வேலையே போனாலும் பார்த்துக்கொள்ளலாம்.

நீ இதை மட்டும் யோசி. உன் கழுத்து பதினான்கில் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற இரண்டு பேருக்கும் கழுத்து நன்றாகத்தானே இருக்கிறது? அவர்கள் ஏன் அங்கேயே நின்றார்கள்? எனக்குத் தெரியவில்லை. அவர்களிடமே கேள்.

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

கேட்டேன்.

பறந்து முடித்து உடை மாற்றுகிற அறையில் நெட்டையைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏன்டா அன்னிக்குப் பதினாலுன்னு சொன்னே? உன் கழுத்துக்கு என்ன கேடு?"

"நீங்க பதினாலு சொன்னீங்களே சார்."

"நான் சொன்னா?"

"நாங்க அதுக்கு மேல சொன்னா, நீங்க மட்டும் ஏன் கம்மின்னு கேள்வி வரும்ல சார்."

"என்னைப் பத்தி யாருடா கேள்வி கேக்கப் போறாங்க?"

கையுறையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றான். அப்புறம் சொன்னான். "உங்க இடது பக்கத்தை நான் பாத்துக்கறேன் சார். மழைக்காலத்துலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பொடியனுக்கும் தெரியும். நாங்க பேசி வச்சிருக்கோம். நீங்க கவலைப்படாதீங்க."

"சரி, உன் பின்பக்கத்தை யாருடா பாக்குறா?"

அவன் கையுறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினான்.

போன மாதம்கூட அவன் ஒரு திருப்பத்தில் பின்தங்கினான் என்று எல்லோர் முன்னாலும், "தூங்குறியா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது அவன் எனக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நிஜச் சண்டையாக இருந்திருந்தால் அந்தத் தாமதத்தில் செத்திருப்பது நான் இல்லை அக்கா, அவன். யாரும் கவனிக்கவில்லை, சமாளித்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமாளித்தது அவர்கள்.

உடை மாற்றாமலே டாக்டர் அறைக்குப் போனேன். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். இனி போர் விமானத்தில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். "உட்காருங்க" என்றார், உட்கார்ந்தேன்.

உனக்குச் சிரிப்பு வரும். என் கடைசிப் பறத்தல் எனக்கு நினைவில் இல்லை. அன்றைக்குக் காலையில்தான் பறந்தேன். எப்போதும் போல ஏறினேன், இறங்கினேன், டீ ஆறிப்போயிருக்கிறது என்று சத்தம் போட்டேன். மேகம் இருந்ததா, வெயில் இருந்ததா, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் பார்த்து வைத்திருப்பேன்.

கணக்கரிடம் என் பெயரையே சொல்லிவிடு. மறுபடி அளக்கச் சொல். ஒருத்தன் சொல்வது அடுத்தவன் காதில் விழக் கூடாது. முக்கியமாக, மூத்தவனை முதலில் உட்கார வைக்காதே. எங்கள் பிழைப்பில் முன்னால் போகிறவனைத் தாண்டிப் போகக் கூடாது என்பதுதான் முதல் பாடம். மரப்பெட்டிக்குள்ளும் அவர்களால் அதை மறக்க முடியாது.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கணக்கரிடம் அப்படியே கொடுத்துவிட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தார். "தப்பு எண்ணை நானும் நம்பிட்டேனே" என்றார். அவர் வாயில் 'தப்பு' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. கூட்டத்தைத் தள்ளிவைத்தார்.

மறுபடி அளந்தோம். வேறு வேறு விமானத் தளங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினோம். இந்தத் தடவை எண்கள் மனிதர்களைப் போல இருந்தன. ஒருத்தர் பதினாறு, ஒருத்தர் இருபது, வயதான ஒருவர் பதின்மூன்றோடு நின்றுவிட்டு என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார். உன் நெட்டை கடைசியாக வந்தான். நான் சுவரில் ஒட்டியிருந்த எண் எல்லாம் தாண்டிப் போய், "எண் தீந்துபோச்சு மேடம். இப்போ கதவு தெரியுது. கதவுகிட்ட நீங்க நிக்கிறீங்க" என்றான்.

கூட்டத்தில் நான் கண்ணாடிக்கு எதிராகத்தான் பேசினேன். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. எடை எடைதான், எரிபொருள் எரிபொருள்தான். உன் மேல் பரிதாபப்பட்டு என் கணக்கை மாற்ற முடியாது. மாற்றினால் நீயே என்னை மதிக்கமாட்டாய். உன் கண்ணாமூச்சி வாதத்தையும் ஒரு சொல் விடாமல் நானே எடுத்துச் சொன்னேன். கணக்கர் அதை எழுதிக்கொண்டார். கடைசியில் பின்பக்கக் கண்ணாடி இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. கொஞ்சம் குறுகலாக, கேமராவும் கூட. அந்தப் பதின்மூன்றுகாரரைப் பார்த்த பிறகு ஹெல்மெட்டின் எடையைக் குறைப்பதையும் கணக்கர் என் தலையில் கட்டிவிட்டார்.

நீ ஜெயித்துவிட்டாய். அந்த விமானத்தில் நீ ஏறப்போவதில்லை. இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. நாலு தாள் கிழித்துப் போட்டேன்.

உன் மேல் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கஷ்டமாகவும் இருக்கிறது. பதில் எழுது. இரண்டு வரி போதும்.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா,

இரண்டு வரியில் முடியாது, பொறுத்துக்கொள்.

இவளிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அத்தனை தலையணையையும் என் மேலேயே வீசினாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பிசியோதெரபிக்கு அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

என்னை ரேடார் அறையில் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. திரையில் புள்ளிகள். மேலே பறக்கிறவர்களுக்கு எதிரி எங்கே இருக்கிறான் என்று கீழிருந்து நான் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்க எரிச்சல். வானத்தைப் பற்றி வானத்தில் இருப்பவனிடம் நான் என்ன சொல்வது?

நேற்று ஒரு பயிற்சிச் சண்டையில் நெட்டையும் பொடியனும் பறந்தார்கள். முன்னால் வேறு தலைவர். எதிர்ப்பக்கம் இரண்டு பேர். தூரத்தில் இருக்கும்வரை நான் சொன்னேன், அவர்கள் கேட்டார்கள். நீ சொல்கிற மாதிரிதான், எதிரிகளில் ஒருவன் கதை அங்கேயே முடிந்தது. அப்புறம் மிச்சமிருந்தவன் கிட்டே வந்துவிட்டான். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. யார் யார் என்று திரையில் பிரிக்க முடியாது. அந்த நேரத்தில் கீழே இருப்பவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. தப்பாகச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல்.

சும்மா இருந்தேன். அவ்வளவு கஷ்டமான காரியத்தை நான் விமானத்தில்கூடச் செய்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது பக்கம் திரும்பிவிட்டேன் போல, கழுத்து பிடுங்கியது. காதில் மூச்சுச் சத்தம் மட்டும்தான். எட்டு மடங்கு கனத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்து விடுகிற சத்தம். யாருடையது என்றுகூடத் தெரியவில்லை.

அப்புறம் நெட்டையின் குரல். "பாத்துட்டேன். எனக்குப் பின்னாடி. இடது பக்கம். பாத்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. அவன் இந்தத் தடவை பார்த்தது அவன் முதுகை.

தம்பி